ஓடாத வண்டிக்கு வாடகை



திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே சென்றால் ரமணாசிரமம் வரும். 1922 முதல் அங்கே அந்த ஆசிரமம் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே ‘நான் யார்?’ என்னும் விசாரணை நடக்கிறது. நடக்கட்டும், அது அவரவர் நம்பிக்கை. மதிலுக்கு வெளியே, வீடு கட்ட முனைந்த ஏழை ஒருவன், சிமெண்ட் கடை வாசலில் நின்று வேறொரு விசாரணை நடத்துகிறான்: ‘இந்த விலையை வைத்தவன் யார்?’ முதல் கேள்விக்கு விடை காண ஒரு பிறவி போதாது என்பர் ஆன்மிகவாதிகள். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

கடைக்காரரைக் கேட்டால், ‘என் கையில் என்ன இருக்கிறது? ஏஜெண்டைக் கேளுங்கள்’ என்பார். ஏஜெண்டு கம்பெனியைக் காட்டுவார். கம்பெனியோ டீசலைக் காட்டும், லாரி வாடகையைக் காட்டும், நிலக்கரியைக் காட்டும். எல்லோரும் விரலை நீட்டுகிறார்கள். நீட்டிய விரல் எதுவும் ஒரு மனிதன் மேல் போய் நிற்பதில்லை. விலை வானத்திலிருந்து மழைபோல் இறங்கியதாகவே நம்மை நினைக்க வைக்கிறார்கள்.

இந்தச் சூழ்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், சிமெண்ட் எப்படிப்பட்ட சரக்கு என்பதை முதலில் அறிய வேண்டும். அது கனத்தில் பெரியது; எடைக்கு எடை பார்த்தால் மதிப்பில் சிறியது. தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு நாடு முழுதும் சுற்றலாம். ஐம்பது கிலோ மூட்டையை அப்படிச் சுமக்க முடியாது. சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்தில்தான் ஆலை வைக்க முடியும். அரியலூரில் கல் இருக்கிறது, ஆலை இருக்கிறது. திருவண்ணாமலையில் இருப்பது வேறு கல். ஆகவே அரியலூரில் வெந்த மாவு திருவண்ணாமலைக்கு வந்து சேரும்போது, வாங்குபவன் கொடுக்கும் காசில் வண்டிக் கூலிக்கு என்று ஒரு பெரும்பங்கு போய்விடுகிறது. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கூலிக் கணக்கை எழுதுகிறவன் எவனோ, அவனே விலையை எழுதுகிறவன்.

இதை நாம் சொல்லவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே, முதலாளிகளின் சங்கத்தைக் கூண்டில் ஏற்றிச் சொன்னது. 1936-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டுகும்காரி என்னும் ஊரில் அமெரிக்க சர்க்காருக்கு 6,000 பீப்பாய் சிமெண்ட் தேவைப்பட்டது. டெண்டர் கேட்டார்கள். பதினொரு கம்பெனிகள் உறையில் இட்டு, முத்திரை வைத்து, ரகசியமாக விலை அனுப்பின. உறைகளைப் பிரித்தார்கள். முதல் உறையில் பீப்பாய் ஒன்று 3.286854 டாலர். இரண்டாவது உறையில் 3.286854 டாலர். மூன்றாவதிலும் அதே. பதினொன்றிலும் அதே! டாலரில் அல்ல, சென்டில் அல்ல, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வரை பதினொருவரின் கணக்கும் ஒன்றாக வந்து நின்றது. பதினொரு ஜோதிடர்கள் ஒரே ஜாதகத்தைப் பார்த்தால்கூட இப்படி ஒரே பலன் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

எப்படி நடந்தது இந்த அற்புதம்? ‘சிமெண்ட் இன்ஸ்டிடியூட்’ என்ற பெயரில் ஆலைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கம் ரயில் கட்டணப் புத்தகங்களைத் தொகுத்து அச்சிட்டு எல்லா உறுப்பினருக்கும் வழங்கியது. சில ஆலைகளை ‘அடிப்படை ஆலைகள்’ என்று வைத்துக்கொண்டார்கள். எந்த ஊருக்கு எவன் விற்றாலும், அடிப்படை ஆலையின் விலையோடு, அங்கிருந்து அந்த ஊருக்கு ஆகும் ரயில் கட்டணத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும். சரக்கு அங்கிருந்து வராமல் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும் அதே கட்டணம்! அதாவது, ஓடாத வண்டிக்கு வாடகை. புறப்படாத ரயிலுக்குக் கூலி. வாங்குகிறவன் சொந்த லாரியோடு ஆலை வாசலுக்கு வந்து, ‘நானே ஏற்றிச் செல்கிறேன், கூலியைக் கழித்துக் கொடு’ என்று கேட்டால், அவனுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். லாரி வந்தால் புத்தகக் கணக்கு உடைந்துவிடும் அல்லவா! 1948-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு சட்டவிரோதமான போட்டித் தடுப்பு என்று தீர்ப்பளித்தது.

ஆலைக்காரர்கள் அன்று என்ன வாதாடினார்கள் தெரியுமா? ‘சிமெண்ட் எல்லாம் ஒரே தரம். ஒரே தரமான சரக்குக்குச் சந்தையில் ஒரே விலைதான் வரும். நாங்கள் கூடிப் பேசவில்லை’ என்றார்கள். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு டில்லியில் அதே வாதம் மறுபடியும் ஒலித்தது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இந்திய சிமெண்ட் முதலாளிகள் 1925-ல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். 1927-ல் காங்கிரீட்டின் பெருமையைப் பரப்ப இந்திய காங்கிரீட் சங்கம் என்று இன்னொன்றை அமைத்தார்கள். 1930-ல் விற்பனையை ஒரே கையில் சேர்க்க சிமெண்ட் மார்க்கெட்டிங் கம்பெனி. 1936-ல் பல கம்பெனிகள் ஒன்றாய்க் கலந்து ஏசிசி. ஒரு கை சங்கம், ஒரு கை பிரச்சாரம், ஒரு கை விற்பனை. பத்தே ஆண்டுகளில் உடம்பு முழுதும் உருவாகிவிட்டது. ஒருவரும் இதைச் சதி என்று சொல்லவில்லை. தொழில் வளர்ச்சி என்று பாராட்டினார்கள்.

அதே காலத்தில் தொழிலாளி சங்கம் அமைத்தபோது நடந்தது என்ன? 1918-ல் சென்னையில் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பின்னி நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், வாடியா முதலான தலைவர்கள் மீது தடையாணை வாங்கியது. தொழிலாளி கூடிப் பேசினால் அது ஒப்பந்தத்தைக் கெடுக்கும் சதி! தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926-ல்தான். முதலாளி சங்கம் வைத்து ஓராண்டு கழித்துத்தான் தொழிலாளிக்குச் சங்கம் வைக்கச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ‘சங்கம்’ என்ற ஒரே சொல்லுக்கு இந்த நாட்டில் இரண்டு அகராதிகள் இருந்தன, இன்றும் ஒன்றாகிவிடவில்லை.

விடுதலைக்குப் பின், 1956-ல், மத்திய சர்க்கார் சிமெண்ட் விநியோகத்தை அரசாங்க வர்த்தகக் கார்ப்பொரேஷனிடம் ஒப்படைத்தது. எந்த ரயில் நிலையத்தில் வாங்கினாலும் ஒரே விலை. வண்டிக் கூலியை நாடு முழுமைக்கும் சராசரியாக்கிப் பொதுநிதியில் ஈடுகட்டுவது என்று ஏற்பாடு. எண்ணம் நல்லது. ஆலைக்கு அருகில் இருக்கும் பணக்காரனுக்கும் மலையோரத்துக் குடியானவனுக்கும் ஒரே விலை என்பதில் நியாயம் இருந்தது. 1966-ல் அந்தப் பொறுப்பு ஆலைக்காரர்களின் சொந்த அமைப்பிடம் கொடுக்கப்பட்டது. ‘நீங்களே ஒதுக்குங்கள், நீங்களே பகிருங்கள்’ என்றார்கள். பூனையிடம் பாற்பானையைக் கொடுத்த கதை இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. 1968-ல் சர்க்கார் மீண்டும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

கட்டுப்பாட்டுக் காலத்தை நாம் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். உற்பத்தியைப் பெருக்காமல் விலையை மட்டும் கட்டினால் கள்ளச்சந்தைதான் பெருகும். ஒரு மூட்டை சிமெண்டுக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் பர்மிட் கேட்டுக் காத்துக் கிடந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மகாராஷ்டிர முதல் மந்திரி அந்துலே, கட்டடக்காரர்களுக்குச் சிமெண்ட் ஒதுக்கி அதற்கு ஈடாக அறக்கட்டளைகளுக்கு நன்கொடை வாங்கினார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல, 1982 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கினார். அடுத்த மாதமே மத்திய சர்க்கார் பாதிக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1989 மார்ச்சில் முழுவதையும் நீக்கியது. நோயாளிக்குக் கொடுத்த மருந்து கலப்படம் என்று தெரிந்ததும், நல்ல மருந்து கொடுப்பதற்குப் பதிலாக மருத்துவமனையையே மூடிவிட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? இந்தியக் கட்டுநர் சங்கம் 2010-ல் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. புகார் கொடுத்தவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர், அவர்களும் முதலாளிகளே. பெரிய மீன் கடித்தது தாங்காமல் நடுத்தர மீன் கதறியது, அவ்வளவுதான். 2012 ஜூன் 20-ம் தேதி ஆணையம் தீர்ப்புக் கூறியது: பதினொரு சிமெண்ட் கம்பெனிகளும் அவற்றின் உற்பத்தியாளர் சங்கமும் கூடி விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தின, சங்கத்தின் மேடையில் விலைத் தகவலும் உற்பத்தித் தகவலும் கைமாறின, ஆகவே 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். தமிழ்நாட்டில் உள்ள ஆலைகளும் தப்பவில்லை. இந்தியா சிமெண்ட்ஸுக்கு 187 கோடி. அன்று மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்று பெயர் கொண்டிருந்த இன்றைய ராம்கோவுக்கு 258 கோடி.

‘சரக்கு ஒன்று, செலவு ஒன்று, ஆகவே விலையும் ஒன்று, நாங்கள் கூடிப் பேசவில்லை’ என்பதே ஆலைகளின் பதில். டுகும்காரியின் எதிரொலி! 2015-ல் மேல்முறையீட்டு மன்றம், விசாரணை முறையில் குறை உண்டு என்று தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2016-ல் ஆணையம் மீண்டும் விசாரித்து, மீண்டும் குற்றம் என்றது. ஏறத்தாழ 6,700 கோடி அபராதம். 2018 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. ஆலைகள் உச்ச நீதிமன்றம் போயின. பத்தில் ஒரு பங்கைக் கட்டும்படி ஆணையிட்டு, வழக்கை விசாரணைக்கு ஏற்றது மன்றம். ஒரு கொத்தனார் ஒரு மூட்டையைத் திருடினால் அன்று மாலையே காவல் நிலையம். மூட்டைதோறும் பத்து ரூபாய் அதிகம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கோ ஆண்டுக்கணக்கில் வாய்தா!

இதற்கிடையே இன்னொரு வேடிக்கை. அந்தப் பதினொரு பெயர்களில் பினானி 2018-லும், செஞ்சுரியின் சிமெண்ட் பகுதி 2019-லும் அல்ட்ராடெக் கைக்குப் போயின. ஏசிசியும் அம்புஜாவும் 2022-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போயின. 1946-ல் தமிழர் தொடங்கி, 1949-ல் நெல்லைச் சீமையின் தாழையூத்தில் உற்பத்தி கண்ட இந்தியா சிமெண்ட்ஸும் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வயிற்றுக்குள் அடங்கியது. கூடிப் பேசுவது குற்றம் என்றது சட்டம். ஒருவரை ஒருவர் விழுங்கிவிட்டால் கூடிப் பேச வேண்டியதே இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வதை எந்த ஆணையம் தடுக்கும்?

‘ஆலைக்காரன் நட்டத்துக்கா விற்பான்?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாட்டு அனுபவமே பதில் சொல்லும். 2015 ஜனவரியில் அம்மா சிமெண்ட் திட்டம் வந்தது. தனியார் ஆலைகளிடமிருந்தே 185 ரூபாய்க்கு வாங்கி, 190 ரூபாய்க்கு மாநில அரசாங்கம் விற்றது. அப்போது கடைவிலை 300 ரூபாயைத் தாண்டி நின்றது. 185 ரூபாய்க்குக் கொடுத்த எந்த ஆலையும் அதனால் கதவை மூடியதாக நாம் அறியோம். 2015 மார்ச்சில் மத்திய நெடுஞ்சாலை அமைச்சகம் சாலைக் காண்டிராக்டர்களுக்காக ஒரு மின்சந்தை திறந்தபோது, அங்கும் கடைவிலைக்கு வெகு கீழே தர ஆலைகள் முன்வந்தன. மொத்தமாக வாங்குவோருக்கு ஒரு விலை என்பது வியாபார வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்குப் பாதியா? காண்டிராக்டருக்கு ஒரு தராசு, குடிசை வீட்டுக்காரனுக்கு ஒரு தராசா? 2021 ஜூனில், மூட்டை 490 ரூபாய் விற்ற நாளில், மாநிலத் தொழில்துறை அமைச்சர் ஆலைக்காரர்களை அழைத்துப் பேசினார், 460-க்கு இறங்கியது. டீசல் அந்த வாரம் இறங்கவில்லை. நிலக்கரி இறங்கவில்லை. பேச்சால் இறங்குகிற விலை, பேச்சால் ஏறியதாகத்தானே இருக்க முடியும்?

இப்போது பிரச்சாரத்தின் பக்கம் திரும்புவோம். சரக்கை விற்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விலையைக் குறைப்பது. மற்றொன்று, ‘இது இல்லாமல் நாகரிகமே இல்லை’ என்று நாட்டை நம்ப வைப்பது. முதல் வழியைச் சங்கம் அடைத்துவிட்டதால் இரண்டாவது வழி மட்டும் திறந்திருக்கிறது. 1914-ல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து மால்ட்டா என்ற ஊருக்கு அருகே சிமெண்டை இனாமாகக் கொடுத்து ஒரே ஒரு மைல் காங்கிரீட் சாலை போட்டார்கள். ஊருக்கு வெளியே, சேற்றுப் பாதைக்கு நடுவே, ஒரு மைல்! அந்த ஒரு மைலில் வண்டி ஓட்டியவன் அடுத்த மைலையும் அப்படியே கேட்பான் என்பது கணக்கு. விதைப் பாதை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். விதை முளைத்தது.

காங்கிரீட் சாலை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் போட்டால் தாரைவிட நீண்டு உழைக்கும்; மழைக்குக் குழி விழாது. கேள்வி அதுவன்று. எந்த இடத்துக்கு எது தேவை என்பதை முடிவு செய்கிறவன் யார்? விற்கிறவனா, நடக்கிறவனா? ரமணாசிரமத்துப் பக்கம் நின்று பாருங்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான மக்கள் செருப்பின்றி நடக்கிறார்கள். மலையைச் சுற்றினால் மோட்சம் என்பது நம் கொள்கையன்று. சுற்றுகிறவர்களின் பாதம் வெந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பது நம் கொள்கை. வெறுங்காலுக்கு வேண்டியது மண்ணும் மரநிழலும். 2016-ல் அந்தப் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மரங்களின் மேல் கை வைத்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடுத்தது. சிமெண்டுக்குச் சங்கம் இருக்கிறது, காங்கிரீட்டுக்குச் சங்கம் இருக்கிறது. நிழலுக்குச் சங்கம் இல்லை. ஆகவேதான் நிழல் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது.

சரி, வீடு கட்டுகிறவனுக்கு இதனால் என்ன நட்டம்? கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று தொகை நிர்ணயமாகிவிட்டது. கொத்தனார் கணக்குப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை, வீட்டுக்கு 144 மூட்டை. மூட்டைக்கு 50 ரூபாய் ஏறினால் 7,200 ரூபாய். அந்தத் தொகை எங்கிருந்து வரும்? அரசாங்கம் தராது. கம்பெனி விடாது. ஜன்னல் ஒன்று குறையும், பூச்சு நின்றுபோகும், அல்லது மனைவியின் கழுத்திலிருப்பது அடகுக் கடைக்குப் போகும். ‘ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவில் சிமெண்டின் பங்கு சொற்பமே’ என்று ஆலைக்காரர்கள் புள்ளிவிவரம் பேசுவார்கள். மாடி மேல் மாடி எழுப்பி விற்கிறவனுக்கு அது சொற்பம். 360 சதுர அடிக்காரனுக்கு அது ஒரு மாதச் சாப்பாடு.

கல்லக்குடியை மறந்துவிட்டோமா? சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரைத் தமிழனின் ஊருக்குச் சூட்டியதை எதிர்த்து, 1953 ஜூலை 15-ம் நாள் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார்கள் தமிழ் இளைஞர்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிற்காலத்தில் ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடியின் பெயர் வந்தது. பெயர்ப்பலகையை மீட்டோம், விலைப்பலகை இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

மீட்க வழி இல்லாமல் இல்லை. ஆலங்குளத்தில் 1970-லும் அரியலூரில் 1979-லும் பொதுத்துறையில் சிமெண்ட் ஆலை எழுப்பிய மாநிலம் இது. டான்செம் என்ற நிறுவனம் நம் சொத்து. 2021 நவம்பரில் அது ‘வலிமை’ என்ற சிமெண்டை 350 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பெயரில் இருக்கும் வலிமை உற்பத்தியிலும் வர வேண்டும். தனியாரின் கடலில் ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டுக் கடலின் உப்பு குறைந்துவிட்டது என்று கூறுவதில் பொருளில்லை. டான்செம் ஆலைகளை விரிவாக்கட்டும். மாவட்டந்தோறும் ரயில் வழியாகச் சரக்கைக் கொண்டுவந்து கிடங்கு திறக்கட்டும். திருவண்ணாமலைக்கும் ரயில் பாதை இருக்கிறது. உண்மையில் ஓடும் வண்டிக்கு உண்மையான வாடகை எவ்வளவு என்பது அன்று எல்லோருக்கும் தெரியும்.

மூட்டையின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகிறது. அதில் ஆலைவிலை எவ்வளவு, வண்டிக் கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்து அச்சிட வேண்டும் என்பது நம் கோரிக்கை. இதற்குப் புரட்சி வேண்டாம். ஓர் உத்தரவு போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் மூட்டை 280 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு 358 ரூபாய் 40 காசு. பின்பு 330 ரூபாய் 40 காசு. மூட்டைக்கு 28 ரூபாய் வாங்குபவன் மடியில் விழுந்திருக்க வேண்டும். விழுந்ததா? கிளைத் தோழர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் வீடு கட்டும் ஐந்து குடும்பங்களைப் பார்த்து, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் வாங்கிய சிமெண்ட் பில்களைக் கேட்டு வாங்குங்கள். கடையின் பெயர் வேண்டாம். சிமெண்டின் பெயர், தேதி, விலை, லாரி வாடகை ஆகிய நான்கும் போதும். செங்கம் சாலைப் பில்லும் அரியலூர்ப் பில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். வரவர இந்தப் பக்கத்திலேயே அச்சிடுகிறோம்.